பதினைந்து நாள் மூட்டு வைத்தியம்

நவம்பர் 12, புதன்

வந்து சேர்ந்துவிட்டேன். கொடைக்கானலிலிருந்து கோணவயலுக்கு இரண்டேகால் மணி நேரம். பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு மூட்டை விதைப்பூண்டு உட்கார்ந்து வந்தது. வழியெல்லாம் பேச்சுக் கொடுக்காத துணை. இப்போதைக்கு எனக்கு அதுதான் வேண்டும்.

விடுதி படத்தில் பார்த்ததைவிடச் சிறியது. ஏரியை ஒட்டி ஐந்து மர வீடுகள், ஒரு சாப்பாட்டுக் கூடம், கரையில் தார்ப்பாய் போட்டு மூடிய மூன்று பெடல் படகுகள். மழைக்காலம் என்பதால் என்னைத் தவிர விருந்தாளி யாரும் இல்லை. மேலாளர், படகுக்காரர், தோட்டக்காரர் எல்லாமே ஜெபராஜ் என்கிற ஒரே ஆள்தான். வத்தலக்குண்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"பதினஞ்சு நாளா மேடம்? தனியாவா?" என்று மூன்று தடவை கேட்டார்.

"ஏன், தனியா வந்தா ரூம் கிடையாதா?" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வான்மதிக்குச் செய்தி அனுப்பப் பார்த்தேன். அறையில் சிக்னல் இல்லை. ஏரியின் மதகு மேல் ஏறினால்தான் கிடைக்குமாம். போனேன். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் காதில் போனை வைத்தபடி, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஊருக்கே அது ஒன்றுதான் இடம். அடுத்தவர் பேச்சு காதில் விழத்தான் செய்யும், ஆனால் பேசுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, அது இந்த ஊர் மரியாதை என்றார் ஜெபராஜ். எங்கள் பள்ளி ஆசிரியர் ஓய்வறைக்கு இந்த மரியாதை தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

"பத்திரமாக வந்துவிட்டேன். நாளை முதல் சிகிச்சை" என்று அனுப்பினேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. முழங்கால் வலிப்பது உண்மைதான்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் ஜெபராஜிடம் சொல்லி வைத்தேன். "என் மக இங்க ஆபீஸ் போனுக்குப் பேசினா, மேடம் ட்ரீட்மென்ட்ல இருக்காங்கன்னு சொல்லுங்க."

"என்ன ட்ரீட்மென்ட் மேடம்?"

"மூட்டுக்கு. மூலிகை எண்ணெய். பதினஞ்சு நாள், நடுவுல நிறுத்தக் கூடாது."

அவர் தலையைச் சொறிந்தார். "நம்மகிட்ட போட்டிங் மட்டும்தானே மேடம் இருக்கு."

"அதைத்தான் சொல்லாதீங்கன்னு சொல்றேன்."

சமையல் வெள்ளையம்மா. உள்ளூர்க்காரி, நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். வந்த முதல் நாளே என்னை "டீச்சரம்மா" ஆக்கிவிட்டாள். நான் சொல்லவேயில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றேன். "இட்லியத் திருப்பிப் பாத்தீங்கள்ல, நோட்டைத் திருத்துறாப்புல" என்றாள்.

அருப்புக்கோட்டைப் பெண்கள் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தி, இந்த மே மாதம் ஓய்வு பெற்றவள் என்று சொன்னேன். இயற்பியல் என்றால் என்னவென்று கேட்டாள். எது எதனால் நடக்கிறது என்று சொல்லும் பாடம் என்றேன். "அதெல்லாம் சொல்லிட முடியுமா?" என்றாள்.

மாலையில், கொண்டுவந்த புத்தகத்தில் எட்டுப் பக்கம் வாசித்தேன். எட்டிலும் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது.

நவம்பர் 14, வெள்ளி

மழை. காலில் இரண்டு அட்டைகள். உப்பு போட்டதும் விட்டன. குழந்தைகள் தினம். மேடையில் நான் பேசாத முதல் குழந்தைகள் தினம்.

நவம்பர் 15, சனி

விடுதிக்குப் பின்னால் சரிவில் வெள்ளையம்மாவின் தோட்டம் இருக்கிறது. இன்று பூண்டு நடவு. வேடிக்கை பார்க்கப் போனேன், போயிருக்கக் கூடாது.

ஒரு பல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "டீச்சரம்மா, மொதப் பல்லை நீங்க ஊனிக் குடுங்க. போன வருசம் தங்க வந்த ஒரு டாக்டரு ஊனுனாரு. ஒவ்வொன்னும் எலுமிச்சங்கா தண்டிக்கு வந்துச்சு. சில பேருக்குக் கைராசி அப்படி."

கைராசியைப் பற்றி நான் வகுப்பில் பேசாத வருடமில்லை. "கையிலேயே ராசி இருந்தா ஆபரேஷன் பண்ற டாக்டர் எதுக்குச் சோப்புப் போட்டுக் கழுவுறார்?" என்று கேட்பேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அதையே இங்கேயும் சொல்லிவிட்டு, குனிந்து ஊன்றிக் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை.

"என்னால குனிய முடியாது. முட்டி" என்றேன்.

"குனிய வேணாம், அந்த வரப்புல ஒக்காந்துக்கிட்டு கைய மட்டும் நீட்டுங்க. மண்ணு மெத்துனு இருக்கு."

"எனக்கு ரூம்ல வேலை இருக்கு."

பல்லை அவள் கூடையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அறையில் எனக்கு என்ன வேலை? ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பூண்டு முளைக்காவிட்டால் அவள் வருடம் முழுக்க என்ன செய்வாள் என்று யோசித்தேன். நான் ஊன்றவே இல்லையே, பிறகு ஏன் அந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெள்ளையம்மா பேசவில்லை. தட்டை வைத்தாள், எடுத்தாள், போனாள். சமையலறையில் ஜெபராஜிடம் சொல்வது எனக்குக் கேட்கும்படியே கேட்டது. "பெரிய படிப்புப் படிச்சவுங்க நம்ம மண்ணுல கைய வைப்பாங்களா?" ரசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வான்மதிக்கு வளைகாப்பு. கோவில்பட்டியில், சம்பந்தி வீட்டில். இத்தனை நாள் இதை இங்கே எழுதவில்லை. எழுதாவிட்டால் அந்த ஞாயிறு வராமலா போகும்?

நான் போகாததற்குக் காரணம் சம்பந்தியம்மா சண்பகவல்லி. என் கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. நான் பொட்டு வைக்கிறேன், பூ வைக்கிறேன், பிடித்த நிறத்தில் கட்டுகிறேன். யாரும் வாயைத் திறந்ததில்லை. ஆனால் வளைகாப்பு என்று வந்துவிட்டால் முதல் வளையலைச் சுமங்கலிதான் போட வேண்டும், தாயாகவே இருந்தாலும் புருஷனில்லாதவள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பார்கள். போன தடவை நான் ஒதுங்கவில்லை. ஐம்பது பேர் பார்க்க முதல் வளையலை நான்தான் போட்டேன். சண்பகவல்லி தடுக்கவில்லை. முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

போன தடவை என்றால் இரண்டு வருடத்துக்கு முன்பு. மழை வலுக்கிறது. போதும்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை முதல் தேதி. ஊர் ஆண்கள் ஏரியில் குளித்து, ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு போனார்கள். அவ்வளவு குளிரில் ஒருவருக்கும் பல் தந்தியடிக்கவில்லை.

நேற்று எழுதியதை வாசித்தேன். ஒரு மாணவி இப்படி விடை எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன். முக்கியமான படிகளை விட்டுவிட்டாள் என்று ஓரத்தில் சிவப்பில் குறித்திருப்பேன்.

விட்டுப்போன படிகள்:

சண்பகவல்லி போன மாதம் தானாகவே கூப்பிட்டார். "மதினி, இந்தத் தடவையும் மொத வளையல் நீங்கதான் போடணும். வான்மதி சொல்லிட்டா. எனக்கும் அதுல ஒரு குறையுமில்ல. நீங்க வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போகணும்லா?" என்றார். குரலில் ஒரு மாதிரியும் இல்லை. முட்டி வலி, பதினைந்து நாள் வைத்தியம் என்றது நான்தான். போனை வைத்த பிறகுதான் தங்குவதற்கு ஓர் இடத்தையே தேடினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வளைகாப்பு முடிந்து, வான்மதியை அருப்புக்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மறுநாள் காலை "அம்மா, புள்ள அசையலம்மா" என்றாள். ஸ்கேனில் துடிப்பு இல்லை. ஏழாம் மாதம். பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்றார் டாக்டர். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் நானேதான் விளக்கினேன். கொடி எப்படிச் சுற்றும், ரத்த ஓட்டம் எப்படி நிற்கும் என்று காகிதத்தில் படம் போட்டுக்கூடக் காட்டினேன். ஒருவர்கூட என் கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஜெயித்தும் இருப்பேன்.

இப்போது எழுதிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. என் கைக்குப் பயப்படுகிறேன். எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயப்படுகிறேன். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இந்த அறையில் இதைக் கேட்க ஆளும் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் சமையலறைக்குப் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளையம்மா என்னைப் பார்க்காமல் பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கைப்பிடி எடுத்து உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வளையல், ஸ்கேன், வைத்தியப் பொய் எல்லாம். இதுவரை யாரிடமும் சொல்லாததை ஆறு நாள் பழக்கமுள்ள ஒருத்தியிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே மனுஷி என் மகள், அவளிடம் சொல்ல முடியாது.

"அதெல்லாம் ஒன்னுமில்ல டீச்சரம்மா" என்று ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு, "அப்ப புள்ளைய யாரு கூட்டியாருவா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"வளையல் போட்டதும் அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமில்ல. நீங்க இங்கன இருந்தா அந்தப் புள்ள யாரு கூடப் போவும்?"

"மாமியார் இருக்காங்க. நல்லவங்க. பார்த்துப்பாங்க."

"ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்சம் கழித்து, "அன்னைக்குப் பூண்டு ஊனாதது இதுக்குத்தானா? நான் வேற என்னமோ நெனச்சுப் பேசிட்டேன்" என்றாள். மதியம் எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக வந்தது.

நவம்பர் 19, புதன்

மதகில் ஏறியதும் வான்மதியின் ஏழு தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன. பார்த்தேன். இறங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு மதகுக்குப் போனேன். போன் உடனே அடித்தது. எடுத்துவிட்டேன்.

"என்னம்மா, பெடல் போட் ஓட்டுனியா?" என்றாள் வான்மதி.

"என்னடி பேசுறே?"

"நீதான ரிசார்ட் பேரைச் சொன்ன. தேடிப் பார்த்தேன். ஏரி, போட்டிங், கேம்ப் ஃபயர்னு போட்டிருக்கு. மூட்டு வைத்தியம்னு ஒரு எழுத்து இல்ல."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"நீ ஏன் வரலைன்னு எனக்குத் தெரியும்மா. என்மேல கோவம். ரெண்டு வருசமா கோவம். வெளிய காட்டிக்க மாட்ட, அவ்வளவுதான்."

"உன்மேல எனக்கென்னடி கோவம்?"

"அன்னைக்கு நான் சொல்லாம இருந்துட்டேன்ல."

"எதை?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"உனக்குத் தெரியாதா?" என்றாள். குரல் மாறிவிட்டது. "ஸ்கேன் ரூம்ல டாக்டர்கிட்ட சொன்னேன். அவங்க உன்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். நீ அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காததாலதான் கோவம்னு நெனச்சேன்."

"வான்மதி, எதைடி?"

"வளைகாப்பு அன்னைக்கே அசைவு இல்லம்மா. காலைல எந்திரிச்சதுல இருந்தே. தண்ணி குடிச்சுப் பாத்தேன், ஒருக்களிச்சுப் படுத்துப் பாத்தேன். தூங்குது போலன்னு நெனச்சேன். உன்கிட்ட சொல்லத்தான் ரூமுக்கு வந்தேன். நீ கண்ணாடி முன்னால நின்னு அந்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டிட்டிருந்த. அப்பா போனதுக்கப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. 'இன்னைக்கு எவ என்ன சொல்றான்னு பாத்துருவோம்'னு சொன்ன. எனக்குச் சொல்ல வாய் வரல. எல்லாம் முடியட்டும்னு மனைல போய் உட்கார்ந்துட்டேன். மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்மா, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு. அன்னைக்கு ராத்திரியும் சொல்லல. சொன்னா நெஜமாயிடுமோன்னு பயம். அப்பவே போயிருந்தா..."

அழத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் தோன்றியது நிம்மதி. என் கை படுவதற்கு முன்பே அசைவு நின்றிருக்கிறது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அடுத்த நொடி என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. நான் இறக்கி வைத்த அதே பாரத்தை அவள் இரண்டு வருடமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே என்னிடம் தினமும் பேசியிருக்கிறாள், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். நான் ஊருக்கெல்லாம் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன், அவளிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என் கையைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்களா?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்ல முடியாதுன்னாங்க."

"அப்போ சொல்ல முடியாது. அவ்வளவுதான். அதுக்கு மேல நீ சொல்லாத" என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில். ஆனால் அந்தக் குரல் அதற்கு மேல் நிற்கவில்லை. மதகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே என் பயத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் அழுகையோடு சிரித்தாள்.

"நீயா? நீ போய்க் கைராசியப் பாத்து ஓடுனியா? உன்கிட்ட படிச்ச பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆகுறது?"

"அந்தக் கழுதைங்ககிட்ட சொல்லித் தொலைச்சுராத."

மழை தொடங்கியிருந்தது எனக்குத் தெரியவேயில்லை. மதகில் நின்றிருந்த நாலைந்து பேரும் எனக்கு முதுகைக் காட்டியபடியேதான் நின்றார்கள். அவர்களில் ஒரு பெண், திரும்பாமலே, தன் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வருவியாம்மா?"

"வரேன்."

நவம்பர் 21, வெள்ளி

பேருந்து வரவில்லை. நேற்றைய காற்றில் ஒன்பதாவது கிலோமீட்டரில் பெரிய மரம் சாய்ந்து பாதையை அடைத்துவிட்டது. மதகிலும் சிக்னல் இல்லை, ஆபீஸ் போனும் வேலை செய்யவில்லை. ஜெபராஜைப் பத்து தடவை கேட்டேன், பத்து தடவையும் நாளைக்கு என்றார்.

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த இடத்தை விட்டுப் போக வழியில்லை என்றானதும் ஏரி என்னவோ பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. வந்தது நானாக. யாரும் என்னை அனுப்பவில்லை. மகள் கூப்பிடும் தூரத்தைத் தாண்டி இருக்க வேண்டும் என்று தேடித் தேடிப் பிடித்த இடம். அவள் கையை நீட்டிக்கொண்டு உட்காரும்போது நான் இங்கேயே இருந்துவிட்டால், கோபம் இல்லை என்று நேற்று சொன்னதை அவள் எப்படி நம்புவாள்?

நவம்பர் 22, சனி

மதுரை, மாட்டுத்தாவணி. கோவில்பட்டிப் பேருந்துக்குக் காத்திருக்கிறேன்.

காலை ஆறு மணிக்கே ஜெபராஜ் தன் ஸ்கூட்டரில் மரம் விழுந்த இடம் வரை கொண்டுவந்து விட்டார். மரத்துக்கு அந்தப் பக்கம் காரட் மூட்டை ஏற்ற வந்த ஒரு வேன் நின்றது. இந்தப் பக்கத்து மூட்டைகளை ஆட்கள் தலைச்சுமையாக மரத்தின் மேலாகக் கடத்திக்கொண்டிருந்தார்கள். மூட்டைகளோடு மூட்டையாக என்னையும் கடத்தினார்கள். இரண்டு பேர் கீழிருந்து தள்ள, ஒருவர் மேலிருந்து இழுக்க, அறுபது வயதில் ஒரு யூகலிப்டஸ் மரத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தேன். இறங்கும்போது முழங்கால் அடிமரத்தில் மோதியது. இப்போது நிஜமாகவே வீங்கிவிட்டது. பொய் சொன்ன வாய்க்கு இது வேண்டும்.

கிளம்பும்போது வெள்ளையம்மா ஸ்கூட்டர் வரை வந்தாள். "நல்லபடியா பொறந்ததும் எனக்கு ஒரு போனு போடுங்க டீச்சரம்மா. சாயந்தரம் நாலு மணிக்குப் போட்டா மதகுல நிப்பேன்" என்றாள். போடுகிறேன் என்றேன். நல்லபடியாகத்தான் பிறக்கும் என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மாலை. அருப்புக்கோட்டை, எங்கள் வீடு. வான்மதி உள்ளே படுத்திருக்கிறாள்.

நேற்று ஏழு மணிக்குச் சம்பந்தி வீட்டு வாசலில் நொண்டிக்கொண்டு போய் இறங்கினேன். சண்பகவல்லி என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, வைத்தியம் பாத்து இப்படியா ஆச்சு?" என்று பதறினார். "பாதியில விட்டுட்டு வந்தேன்லா, அதான்" என்றேன். வான்மதி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இன்று காலை ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம். நலங்கு முடிந்து, வான்மதி மனையில் உட்கார்ந்தாள். தாம்பாளத்தில் பச்சையும் சிவப்புமாக வளையல்கள். "வாங்க மதினி" என்றார் சண்பகவல்லி. நான் ஒரு பச்சை வளையலை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். முட்டி மடங்கவில்லை, காலை நீட்டிக்கொண்டுதான். அவள் கையை நீட்டினாள்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவள் விரல்களை என் கையில் வாங்கினேன். வளையலைப் போடவில்லை.

"அசையுதா?" என்று கேட்டேன். மெதுவாகக் கேட்கவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது.

வான்மதி என்னைப் பார்த்தாள். மற்றக் கையை வயிற்றில் வைத்தாள். "காலைல அசைஞ்சுதும்மா."

"இப்போ?"

"இரு."

காத்திருந்தோம். வீடியோ எடுத்தவர் கேமராவைத் தாழ்த்தினார். மருமகன் சரவணப்பெருமாள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். யாரோ ஒரு பெண், "நேரம் போகுதே" என்றாள். "போகட்டும். அசையலேன்னா இப்படியே எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறோம். வளையல் எங்கயும் போகாது" என்றேன். யார் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. என் மகள் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். என் கடிகாரத்தில் நான்கு நிமிடம். என் ஆயுளில் அவ்வளவு நீளமான நான்கு நிமிடம் இருந்ததில்லை.

"இப்போ" என்றாள். கண்ணைத் திறந்து, என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். "இங்க."

உதைத்தது. நன்றாகவே உதைத்தது.

போட்டேன். பயந்துகொண்டேதான் போட்டேன்.

அடுத்தது சண்பகவல்லி. வளையலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் வான்மதியும் போனில் பேசியது எதுவும் அவருக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவுமில்லை. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் குனிந்து, "அசையுதா தாயி?" என்று கேட்டார்.

"அசையுது அத்தை."

அதற்குப் பிறகு வந்த இருபத்தாறு பெண்களும் கேட்டுவிட்டுத்தான் போட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஒருவரிடமும் சலித்துக்கொள்ளாமல் வான்மதி ஒவ்வொரு தடவையும் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.